சயாம் மரண ரயில்: இயந்திரம் இல்லாமல் 415 கிலோமீட்டர்

1942 ஜூனில் மிட்வே கடற்போரில் ஜப்பான் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தது. மலாக்கா நீரிணை வழியாக ரங்கூனுக்குப் போன சரக்குக் கப்பல்களுக்கு நேசநாட்டு நீர்மூழ்கிகள் ஏற்கெனவே பெரிய அச்சுறுத்தல். பர்மாவில் நின்ற ஜப்பானியப் படைக்கு அரிசியும் குண்டும் போய்ச்சேரத் தரைவழி வேண்டியிருந்தது. சயாம் என்று முன்பு அழைக்கப்பட்ட தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர், பாதிக்கு மேல் காடும் மலையும். ஆங்கிலேயர் முன்பே இந்த வழியைப் பார்த்துவிட்டு, கட்டுப்படியாகாது என்று கைவிட்டிருந்தார்கள். ஜப்பானிய ரயில்வே ரெஜிமென்டுகள் ஒன்றரை ஆண்டுக்குள், 1943 அக்டோபர் 17 அன்று, இரு முனைகளையும் இணைத்தன. மலாயாத் தமிழர்கள் இன்றும் ‘சயாம் மரண ரயில்’ என்று சொல்வது இந்தப் பாதையைத்தான்.

தண்டவாளத்துக்கு எங்கே போவது? போர்க்காலத்தில் எஃகு கிடைப்பதே அரிது. ஏற்கெனவே கிடந்த பாதைகளைப் பெயர்த்தார்கள். மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையில் பெரும் பகுதியும் தம்பின்–மலாக்கா கிளைப் பாதையும் அப்படிக் கழற்றப்பட்டவை. தாய்லாந்து, பர்மா, மலாயா மூன்றிலும் மீட்டர்கேஜ் (இரு தண்டவாளங்களுக்கிடையே ஒரு மீட்டர் அகலம்) என்பதால் பெயர்த்ததை அப்படியே போட முடிந்தது. இந்த அகலத்தில் இன்னொரு லாபமும் உண்டு. வண்டி சிறியது, எடை குறைவு, வளைவு கொஞ்சம் இறுக்கமாக இருந்தாலும் திரும்பிவிடும். மலையைக் குடையாமல் அதன் ஓரத்தை ஒட்டியே வளைந்து போகலாம். ஜப்பானிலிருந்து 90 சி56 ரக நீராவி எஞ்சின்கள் வந்தன. கிராமப்புறப் பாதைகளுக்காகச் செய்யப்பட்ட இலகு எஞ்சின்கள் அவை. அங்கே 1,067 மில்லிமீட்டர் அகலத்தில் ஓடியவற்றின் சக்கரங்களை 1,000 மில்லிமீட்டருக்கு மாற்றி ஓட்டினார்கள்.

பெரிய உதவி க்வே நோய் ஆறு. சாதாரணமாக ரயில்பாதை ஒரு முனையிலிருந்துதான் நீளும். போட்டு முடித்த பாதை வழியேதான் அடுத்த சரக்கு வரும். இங்கே தாய்லாந்துப் பகுதியில் பாதை நெடுந்தூரம் ஆற்றை ஒட்டியே போனது. அரிசி, ஆட்கள், மண்வெட்டி எல்லாவற்றையும் படகில் ஏற்றிப் பல இடங்களில் இறக்கி, ஒரே நேரத்தில் அங்கங்கே வேலையைத் தொடங்க முடிந்தது.

ஆனால் மண் வேலைக்குப் படகு உதவாது. தண்டவாளம் போட மண்ணைக் கொட்டி உயர்த்தும், மேல்தளம் 4 மீட்டர் அகலமுள்ள ஒரு கரையை எடுத்துக்கொள்வோம். இரு பக்கமும் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் ஒன்றரை மீட்டர் சரிவு விட வேண்டும், இல்லாவிட்டால் மழைக்குச் சரிந்துவிடும். 2 மீட்டர் உயரமென்றால், ஒரு மீட்டர் நீளக் கரைக்கு 14 கனமீட்டர் மண். உயரம் 8 மீட்டரானால் 128 கனமீட்டர். உயரம் நான்கு மடங்கு, மண்ணோ ஒன்பது மடங்கு. ஓர் ஆள் நாளுக்கு ஒரு கனமீட்டர் வெட்டிச் சுமந்தால், அந்தக் கரையில் பத்து மீட்டர் போடவே 1,280 ஆள்நாள். ஒரு கனமீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ளது. அதைக் கூடையிலும், இரண்டு மூங்கிலுக்கிடையே கட்டிய சாக்கிலும் சுமந்தார்கள்.

அதனால்தான் பள்ளம் வந்த இடத்திலெல்லாம் மரப்பாலம். 600-க்கும் அதிகமான பாலங்கள், பெரும்பாலும் பக்கத்துக் காட்டில் வெட்டிய பச்சை மரத்தில். மரத்தூணை நிலத்தில் இறக்க நீராவிச் சம்மட்டி கிடையாது. கனமான எடையொன்றைக் கயிற்றில் கட்டி, பலர் சேர்ந்து இழுத்து உயர்த்தி, ஒரே சமயத்தில் கயிற்றை விடுவார்கள். விழும் எடையின் ஆற்றல் தூணைக் கொஞ்சம் உள்ளே தள்ளும். மறுபடி இழுக்க வேண்டும். பெரிய ஆறுகளுக்கு மட்டுமே இரும்பு. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் உள்ள பாலத்தின் வளைந்த இரும்புச் சட்டங்கள் ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவரப்பட்டவை.

கல்லில் மண்வெட்டி இறங்காது. ‘ஹெல்ஃபயர் பாஸ்’ என்று பெயர் பெற்ற கொன்யு வெட்டு ஏறத்தாழ 75 மீட்டர் நீளம், 25 மீட்டர் ஆழம். ஒருவர் எஃகு உளியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் சம்மட்டியால் அடிப்பார். ஒவ்வோர் அடிக்கும் உளியைச் சற்றுத் திருப்ப வேண்டும். அப்போதுதான் முனை புதிய கல்லில் விழும், துளை வட்டமாக இறங்கும். நடுநடுவே தண்ணீர் ஊற்றி, கல்மாவை நீள் கம்பியால் சுரண்டி எடுப்பார்கள். துளை ஆழமானதும் வெடிமருந்து. சிதறிய கல்லை அள்ளுவது மறுபடி கையால்தான். பின்னால் சில காற்றழுத்தத் துளைக்கருவிகள் வந்தன, ஆனாலும் பெரும்பங்கு வேலை கைவேலையே. கெடுவை முன்னே இழுத்த 1943-இல் இரவிலும் தீப்பந்த வெளிச்சத்தில் அடி ஓயவில்லை.

60,000-க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் இதில் உழைத்தார்கள். 12,000-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். மலாயா, பர்மா, ஜாவா நாட்டுக் கூலிகள் இரண்டு லட்சம் பேர் அளவில் இருந்திருக்கலாம். இறந்தவர்கள் 90,000 வரை என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பான்மையோர் ரப்பர் தோட்டத் தமிழர்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (மலாயா டாலர்) கூலி என்று ஆசை காட்டினார்கள். அது பலிக்காதபோது பிடித்து ஏற்றினார்கள்.

ஒரே காடு, ஒரே மழை, ஒரே பட்டினி. ஆனாலும் கூலிகளில் அதிக விகிதத்தினர் ஏன் இறந்தார்கள்? 1943 மழைக்காலத்தில் வந்த காலராவைப் பார்த்தால் விளங்கும். அந்தக் கிருமியின் நஞ்சு குடலிலிருந்து உப்பையும் நீரையும் கொட்ட வைக்கிறது, ஒரே நாளில் பல லிட்டர். இழந்த உப்புநீரை உடலுக்குத் திருப்பிக் கொடுத்தால் நோயாளி பிழைத்துக்கொள்வார். கைதி முகாம்களில் ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். நீரைக் காய்ச்சி வடித்து, உப்பைக் கரைத்து, மூங்கிலைச் சீவிச் செய்த குழாய் வழியே ரத்த நாளத்தில் ஏற்றினார்கள். தமிழர் முகாம்களில் அப்படிப் பார்க்கப் பெரும்பாலும் யாரும் இல்லை. குடும்பத்தோடு வந்தவர்கள் ஆற்றுத் தண்ணீரையே குடித்தார்கள். பாலம் ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட ரெஜிமென்டுகள் (காஞ்சனபுரிப் பாலம் 277) கூலிகளின் பெயர்ப் பட்டியலை முறையாக வைக்கவில்லை. காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கைதிகளுக்குத் தனித்தனிக் கல் இருக்கிறது. கூலிகளைப் பொதுக் குழிகளில் புதைத்தார்கள்.

இத்தனை உயிர்களைக் கொடுத்தும், நாளுக்கு 3,000 டன் என்று போட்ட திட்டத்தைப் பாதை முடியும் முன்பே 1,000 டன்னாகக் குறைத்துவிட்டார்கள். அவசரத்தில் போட்ட பாதையில் வண்டிகள் மெதுவாகவே ஊர்ந்தன. நேசநாட்டு விமானங்கள் பாலங்களைத் திரும்பத் திரும்பத் தாக்கின. போர் முடிந்ததும் எல்லைப் பகுதித் தண்டவாளங்களை அகற்றினார்கள். தாய்லாந்து நாம் டோக் வரை சுமார் 130 கிலோமீட்டரை மட்டும் வலுப்படுத்தி வைத்துக்கொண்டது. அதில் இன்றும் ரயில் ஓடுகிறது.