இரிகேஷன்: பாசனம் அன்று, அலசல்

ரூட் கெனால் சிகிச்சை பற்றிய தமிழ்க் குறிப்புகளில் ‘ரூட் கெனால் இரிகேஷன்’, அதாவது பல்வேரின் உட்குழலைத் திரவத்தால் கழுவுதல், என்பதற்கு ‘வேர்க்கால்வாய் நீர்ப்பாசனம்’ என்னும் தொடர் சில வேளைகளில் கண்ணில் படுகிறது. கால்வாயும் பாசனமும் அடுத்தடுத்து நிற்பதால், படிப்பது பல்லைப் பற்றியா வயலைப் பற்றியா என்று ஒரு கணம் மயங்க நேரிடுகிறது.

இரிகேஷன் என்பது ‘இர்ரிகாரே’ என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல். ‘உள்ளே’ என்று பொருள்படும் முன்னொட்டும், நனைத்தலைக் குறிக்கும் ‘ரிகாரே’யும் அதில் சேர்ந்துள்ளன. மருத்துவம் இச்சொல்லைப் புண், கண், காது ஆகியவற்றைத் திரவம் செலுத்திக் கழுவுவதற்கு வழங்கியது. பாசனத்தில் பாய்ந்த நீர் மண்ணில் தங்கிப் பயிருக்கு உதவ வேண்டும். பல்வேருக்குள் செலுத்தும் கிருமிநாசினியான சோடியம் ஹைப்போகுளோரைட்டோ அங்கே தங்கவே கூடாது. துணியை அலசும்போது நீர் உட்புகுகிறது, குலுங்குகிறது, அழுக்கோடு வெளியேறுகிறது. இம்மூன்றையும் ஒருங்கே சுட்டுவதால் ‘வேர்க்கால்வாய் அலசல்’ என்பதே பொருத்தம். ‘கழுவல்’ பிழையன்று, ஆனால் அதில் குலுக்கல் தொனிப்பதில்லை.

சிகிச்சைக்குப் பிந்தைய வலியும் உட்புகுதல், குலுக்கல், வெளியேற்றம் ஆகிய இம்மூன்று செயல்களை ஓரளவு சார்ந்து அமைகிறது. வழக்கமான முறையில் மெல்லிய ஊசியை வேர்நுனிக்கு ஓரிரு மில்லிமீட்டர் முன்பாக நிறுத்தி, சிரிஞ்சை மெதுவாக அழுத்துவார்கள். முனை மூடி, பக்கவாட்டில் மட்டும் திறப்புள்ள ஊசியே விரும்பப்படுகிறது. ஏனெனில், நேராகப் பீய்ச்சினாலோ ஊசி கால்வாயில் இறுகிக்கொண்டாலோ, திரவமும் சிதைந்த திசுத்துகள்களும் வேர்நுனித் துளையைத் தாண்டிச் சுற்றுத்திசுவில் அழற்சியைத் தூண்டும். ஹைப்போகுளோரைட் கணிசமாகக் கசிந்தால் கடும் வலியும் வீக்கமும் உடனே தோன்றும்.

மீயொலி (அல்ட்ராசோனிக்) முறை குலுக்கலை வலுப்படுத்துகிறது: அதிரும் மெல்லிய கம்பி திரவத்தைச் சுழலச் செய்து, ஊசி எட்டாத இடுக்குகளையும் துப்புரவாக்குகிறது. எதிர்ம அழுத்த முறையோ வெளியேற்றத்தைக் கவனிக்கிறது. திரவத்தைப் பல்லின் மேற்பகுதியில் ஊற்றி, வேர்நுனியருகே வைத்த நுண்குழலால் உறிஞ்சுவதால், நுனிக்கு அப்பால் தள்ளும் விசை மிகக் குறைகிறது. சிரிஞ்சு முறையோடு ஒப்பிட்ட ஆய்வுகள் பலவற்றில், இவ்விரு முறைகளிலும் முதல் ஓரிரு நாள் வலி குறைந்திருந்தது. அதன்பின் எம்முறையிலும் வலி இயல்பாகவே தணிவதால் வேறுபாடு மங்கிவிடுகிறது. சிகிச்சைக்கு முன்பே கடும் வலி இருந்தவருக்குப் பின்னரும் வலிக்கும் வாய்ப்பு மிகுதி என்பதால், முறையை மட்டும் புகழ்வதோ பழிப்பதோ சரியாகாது.

‘அலசல்’ என்று கொண்டால், அலசுநீர், அலசூசி, மீயொலி அலசல், உறிஞ்சு அலசல் என்று கிளைச்சொற்களும் எளிதில் அமைகின்றன. இறுதியாக ஏறத்தாழ 2.5 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியுள்ள உப்புக்கரைசலைச் சில நிமிடங்கள் செலுத்தி, வேரின் வெளிப்புற வெப்பத்தைத் தணித்து வலியைக் குறைக்கும் முறையைக் ‘குளிர் அலசல்’ எனலாம்.