இரண்டு மணி வரை விழித்துப் படித்தும் மார்க் ஏன் ஏறவில்லை?

பிப்ரவரி பிறந்தால் சேலத்தில் எங்கள் கிளினிக் பெஞ்சில் வயது குறைந்துவிடும். மற்ற மாதங்களில் சர்க்கரை, மூட்டுவலி, தறிக்கூடத்துப் பஞ்சு கிளப்பும் இருமல் என்று பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில், பொதுத்தேர்வு நெருங்க நெருங்க யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள். தலைவலி, வயிற்றுவலி, காலையில் எதைச் சாப்பிட்டாலும் குமட்டல், பிரேயரில் நிற்கும்போது மயக்கம். அம்மாப்பேட்டை, குகை, கொண்டலாம்பட்டிப் பக்கத்துத் தறிக் குடும்பங்கள், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக் குடும்பங்கள்தான் அதிகம். சோதித்துப் பார்த்தால் பெரும்பாலும் பெரிய நோய் இருக்காது. "எத்தனை மணிக்குத் தூங்கற கண்ணு?" என்று கேட்கும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். அம்மா பதில் சொல்வார்: "ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து படிக்கறாங்க டாக்டர். மார்க்குதான் ஏற மாட்டேங்குது. மண்டைய ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துரலாமுங்களா?"

ஸ்கேன் தேவைப்படுவது அரிது. நான் கேட்கும் அடுத்த கேள்வி, "எப்படிப் படிக்கற?" இதற்குக் கிடைக்கும் பதில் ஏறக்குறைய எல்லோரிடமும் ஒன்றுதான். "திரும்பத் திரும்ப வாசிப்பேன் சார். முக்கியமானதுக்கு மஞ்சள் கலர் அடிப்பேன்." வாத்தியார் வேலையில் டாக்டர் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும் என்று தோன்றலாம். அந்தத் தலைவலிக்கும் மயக்கத்துக்கும் காரணம் படிக்கும் முறையில் இருக்கும்போது, மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒரு பாடத்தை நான்கு தடவை வாசித்தால் அது நமக்குப் பழகிவிடும். பழகியதைத் தெரிந்ததாக மனம் எடுத்துக்கொள்ளும். தறி ஓடுவதைப் பத்து வருஷம் வேடிக்கை பார்த்தவருக்குப் பாவு (நீளவாக்கு நூல்) பிணைக்க வராது என்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தேர்வு அறையில் புத்தகம் இருக்காது. மூளைக்குள்ளிருந்து எடுத்து எழுத வேண்டும். அப்படி எடுக்கும் வேலையை வீட்டிலேயே பழகியிருக்க வேண்டும்.

இதை அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்து 2006-ல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவு மாணவர்கள் ஒரு பகுதியை வாசித்து, மறுபடியும் வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு தடவை வாசித்துவிட்டு, அதைப் பார்க்காமல் நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்ப வாசித்தவர்களுக்கு 81 சதவீதம் நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: வாசித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. முதல் நாள் ராத்திரி வாசித்துவிட்டுப் போனால் ஸ்லிப் டெஸ்ட்டில் மார்க் வருவதும், அதே பாடம் ரிவிஷன் தேர்வில் காலை வாருவதும் ஏன் என்று இந்த நான்கு எண்களைப் பார்த்தால் புரியும். 2013-ல் டன்லாஸ்கியும் அவரது குழுவினரும் பத்துப் படிப்பு முறைகளை ஆராய்ந்தபோது, கோடு போடுவதும் திரும்ப வாசிப்பதும் குறைந்த பயன் தருபவை என்ற பட்டியலில் சேர்ந்தன. தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும், இடைவெளி விட்டுப் படிப்பதும் மட்டுமே மிகுந்த பயன் தரும் முறைகள் என்று தேறின.

ஆகவே நான் சொல்வது இவ்வளவுதான்: படித்தது எத்தனை மணி நேரம் என்று எண்ணாதீர்கள். புத்தகத்தை மூடிய பிறகு எத்தனை வரி வருகிறது என்று எண்ணுங்கள்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் இயக்க விதிகள் பாடத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு பக்கம் கவனமாக வாசியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். ஒரு ரஃப் நோட்டில் நியூட்டனின் மூன்று விதிகளையும், ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணத்தையும் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். முதலில் பாதிகூட வராது. எரிச்சலாக இருக்கும், புத்தகத்தைத் திறக்கக் கை பரபரக்கும். ஒரு நிமிடம் பொறுத்து யோசித்துவிட்டுத் திறந்து பாருங்கள். விட்டுப்போனதை வேறு கலர் பேனாவில் எழுதுங்கள். அடுத்த நாள் படிக்க வேண்டியது அந்தக் கலரில் இருப்பதை மட்டும்தான். மற்றதை மறுபடி வாசித்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்க நேரமில்லை.

பிறகு இடைவெளி. இன்று படித்ததை நாளை ஒரு முறை, மூன்று நான்கு நாள் கழித்து ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை, மாதக் கடைசியில் ஒரு முறை மூடிவைத்துச் சொல்லிப் பாருங்கள். நாள் கணக்கில் மந்திரம் எதுவும் கிடையாது. கொஞ்சம் மறக்கத் தொடங்கும் நேரத்தில் திரும்பத் தொடுவதுதான் முக்கியம். ஜெர்மனியின் எபிங்ஹாஸ் 1885-லேயே, அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறதி முதல் சில மணி நேரத்திலேயே வேகமாக நடந்துவிடுகிறது என்று அளந்து காட்டினார். அதே நாட்டில் செபாஸ்டியன் லைட்னர் 1970-களில் அட்டைப் பெட்டி முறையைப் பரப்பினார். கேள்வி ஒரு பக்கம், விடை மறுபக்கம். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தவறியது முதல் பெட்டிக்கே திரும்பும். கடையில் அட்டை வாங்க வேண்டியதில்லை. வீட்டில் சேர்ந்து கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கம் போதும்.

ஏற்காட்டிலிருந்து தினமும் கீழே இறங்கிக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் ஒன்று சொல்வார்கள்: "பஸ்ல புக்கைத் தொறந்தாலே வாந்தி வருதுங்க." 20 கொண்டை ஊசி வளைவுகளில் வராமல் என்ன செய்யும்! கண் அசையாத எழுத்தைப் பார்க்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்போ வளைவை உணர்கிறது. அந்த முரண்பாட்டில் வருவதுதான் குமட்டல். புத்தகத்தைப் பைக்குள் வைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே தூரத்தைப் பார்த்தபடி நேற்றைய பாடத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்க்கலாம். வாழப்பாடியிலிருந்தும் ஓமலூரிலிருந்தும் நெரிசலில் நின்றபடி வருகிறவர்களுக்கும் இது பொருந்தும். எங்கே தடுமாறியதோ அதை வந்திறங்கியதும் பார்த்துக்கொள்ளலாம்.

கணக்குக்கு இன்னொரு சூட்சுமம். முக்கோணவியல் கணக்காகவே ஒரே மூச்சில் இருபது போட்டால் எல்லாம் சரியாக வரும், ஏனென்றால் எந்தச் சூத்திரம் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. தேர்வில் கஷ்டமே எந்தச் சூத்திரம் என்று கண்டுபிடிப்பதில்தான். இயற்கணிதம், வடிவியல், முக்கோணவியல், அளவியல் நான்கிலிருந்தும் கலந்து எடுத்துப் போடுங்கள். தப்புகள் அதிகமாக வரும். வரட்டும்.

இப்போது தூக்கம். என் தொழில் இதுதான் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பகலில் படித்தது மூளையின் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் தற்காலிகமாகப் பதிகிறது. அதை நீண்ட கால நினைவாக மூளையின் வெளிப்புற அடுக்குக்கு மாற்றும் வேலை பெருமளவு தூக்கத்தில்தான் நடக்கிறது. ஆழ்ந்த தூக்கம் இரவின் முற்பகுதியில் அதிகம். கனவுகள் நிறைந்த தூக்கம் விடியலை ஒட்டி அதிகம். இரண்டு மணிக்குப் படுத்து ஐந்தரைக்கு அலாரம் வைக்கும் பிள்ளை, அன்று படித்ததைச் சேமிக்கும் நேரத்தைத்தான் வெட்டி எறிகிறது. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது 2016-ல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி தந்த பரிந்துரை. ட்யூஷன் முடிந்து எட்டரை மணிக்கு வீடு திரும்பும் பிள்ளையிடம் பத்து மணி நேரம் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. எட்டு மணி நேரமாவது தூங்க வையுங்கள்.

"விடியக்காலைல எந்திரிச்சுப் படிச்சாத்தான் மண்டைல ஏறும்" என்று பாட்டிமார்கள் சொல்வதில் தப்பில்லை, அந்தக் காலத்தில் எட்டு மணிக்கே விளக்கணைத்துப் படுத்தார்கள். ஒன்பது மணிக்குப் படுக்கும் பிள்ளை ஐந்து மணிக்கு எழட்டும். பன்னிரண்டுக்குப் படுத்த பிள்ளையை நாலரைக்கு முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்புவது பாட்டி சொன்ன வழி கிடையாது. அது மட்டுமின்றி, பருவ வயதில் உடலின் கடிகாரமே சற்றுத் தள்ளிப்போகிறது. பத்து மணிக்குத் தூக்கம் வராமல் இருப்பது அந்த வயதின் இயல்பு, திமிர் இல்லை.

தூக்கத்தை விரட்ட ஒன்பது மணிக்குக் குடிக்கும் டீயின் கணக்கைப் பாருங்கள். காஃபினில் பாதி உடம்பை விட்டு வெளியேறச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். இரவு இரண்டு மணிக்கும் அதில் பாதி ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். மாலை நாலு மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம். டின்னில் விற்கும் எனர்ஜி பானங்கள் எந்த நேரத்திலும் வேண்டாம்.

தறிச் சத்தம் தனிப் பிரச்சினை. வீட்டோடு சேர்ந்த விசைத்தறிக் கொட்டகை, ஷிஃப்ட் முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கும். "பழகிடுச்சுங்க" என்பார்கள். மனம் பழகலாம், தூக்கத்தின் ஆழம் சத்தத்தில் குறையத்தான் செய்யும். தேர்வு மாதங்களிலாவது பிள்ளையைத் தறியிலிருந்து தள்ளியிருக்கும் அறையிலோ, பக்கத்தில் பாட்டி வீடு இருந்தால் அங்கேயோ படுக்க வைக்க முடியுமா என்று கேட்பேன். மனப்பாடப் பகுதியை மொட்டை மாடியில் காலையில் சொல்லிப் பார்க்கட்டும்.

மயக்கத்தோடு வரும் பெண் பிள்ளைகளுக்கு நான் முதலில் பார்ப்பது ஹீமோகுளோபின். ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் (2019–21) நாடு முழுவதும் 15–19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, பையன்களில் 31.1. ஹீமோகுளோபின் அளவு பன்னிரண்டுக்குக் கீழே இருக்கும் பெண், "படிக்க உக்காந்தாலே தூங்கிடறா, சோம்பேறி" என்று திட்டு வாங்கிக்கொண்டிருப்பாள். மூளைக்குப் போகும் ஆக்சிஜனைச் சுமப்பது அந்த ஹீமோகுளோபின்தான். அது இல்லாமல் எந்தப் படிப்பு முறையும் எடுபடாது.

பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பலர் ஜன்னல் வழியாக வீசுகிறார்கள், குமட்டுகிறது என்று. சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும். மலம் கருப்பாகப் போவது ஆபத்தில்லை. முருங்கைக்கீரை, கம்பு, சுவரொட்டி, ஈரல் எல்லாம் நல்லது. கூடவே எலுமிச்சை பிழிந்துகொண்டால் இரும்புச்சத்து கூடுதலாகச் சேரும். சாப்பாட்டோடும், சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள்ளும் டீ குடித்தால் அந்தச் சத்து சேர்வது குறையும். காலைச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு, சாயங்காலம் ட்யூஷன் போகும் வழியில் தட்டுவடை செட்டில் பசியாறுவது இங்கே அநேகமாக எல்லாப் பிள்ளைகளின் பழக்கம். தட்டுவடை செட்டை நான் குறை சொல்ல மாட்டேன், சேலத்துக்காரர் யாரும் சொல்ல மாட்டார்கள். காலையில் இரண்டு இட்லியாவது உள்ளே போன பிறகு அது சிற்றுண்டியாக இருக்கட்டும்.

ஞாபக சக்தி டானிக் எழுதிக் கொடுங்கள் என்று கேட்பவர்களுக்கு: அப்படி ஆதாரத்தோடு நிரூபிக்கப்பட்ட டானிக் எதுவும் இல்லை. அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள். தலைவலிக்கு ஒரு தடவை கண் பரிசோதனை. கரும்பலகை மங்கலாகத் தெரிவதை வீட்டில் சொல்லாத பிள்ளைகள் நிறைய. போன், படிக்கும் நேரத்தில் வேறு அறையில்.

தேர்வு அட்டவணையை ஒட்டி ஒரே ஒரு ஆலோசனை. பொதுத்தேர்வு காலை 10 மணிக்குத் தொடங்கி, கேள்வித்தாள் வாசிக்க 10 நிமிடம், விவரங்களைச் சரிபார்க்க 5 நிமிடம் போக, 10.15 முதல் 1.15 வரை எழுதுவது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே நேரத்தில் பழைய கேள்வித்தாள் ஒன்றை முழுதாக உட்கார்ந்து எழுதிப் பழகுங்கள். இரவெல்லாம் விழித்து மூளை சுறுசுறுப்பாகும் நேரத்தை நள்ளிரவுக்கு மாற்றிக்கொண்டவர்கள், பதினொரு மணிக்குத் தேர்வு அறையில் கொட்டாவி விடுவார்கள்.

வயிற்றுவலியும் வாந்தியும் தேர்வு நாளில் மட்டும் வருகிறதென்றால் அது நடிப்பு கிடையாது. பயத்தில் குடல் நிஜமாகவே பிசையும். ஆனால் சில அடையாளங்களைப் பயம் என்று ஒதுக்கக் கூடாது: யாரோடும் பேசாமல் ஒதுங்குவது, பிடித்த பொருளைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, "நான் இல்லாட்டி நீங்க நிம்மதியா இருப்பீங்க" என்று விளையாட்டாகச் சொல்வதுபோல் சொல்வது. அப்போது நேராகவே கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா சாமி?" கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. கேட்பதால் பிள்ளை பேசத் தொடங்கும். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். தமிழ்நாட்டின் உதவி எண் 104-க்கோ, மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கோ எந்த நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

ரிசல்ட் வரும் நாளுக்கு முன்பே பிள்ளையிடம் ஒரு தகவலைச் சொல்லி வையுங்கள்: ஒரு பாடத்தில் போனால் துணைத் தேர்வு ஜூன், ஜூலை வாக்கிலேயே நடந்துவிடும். அதில் தேறி அதே ஆண்டு கல்லூரியில் சேர்ந்தவர்கள் நம் தெருவிலேயே இருப்பார்கள். விசாரித்து, ஒருவரை வீட்டுக்குக் கூப்பிட்டுப் பேச வையுங்கள்.