பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடும் முன் ஒரு பென் டிரைவ்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை, அதாவது இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளை, மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. சரி, 11-க்கு மாறலாம் என்றால் அதற்கு டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை ப்ராசஸராவது வேண்டும். நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் 2015, 2016 மாடல்கள் எல்லாம் இதில் அடிபட்டுப் போகின்றன. கீபோர்டு, திரை எதற்கும் ஒன்றும் ஆகவில்லை, மென்பொருள்தான் கைவிட்டது. அப்படியிருக்க புது லேப்டாப்புக்குக் கடன் வாங்குவானேன்?

விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டை முயன்று பாருங்கள். இலவசம். அதைவிட முக்கியம், லேப்டாப்பில் எதையும் அழிக்காமலே ஓட்டிப் பார்க்கலாம் என்பது.

எப்படி என்றால், மின்ட் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, ரூஃபஸ் போன்ற மென்பொருளால் பென் டிரைவில் எழுதி (வெறுமனே காப்பி செய்தால் போதாது), அதிலிருந்து கணினியை பூட் செய்கிறோம், அதாவது தொடங்க வைக்கிறோம். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ரேமில் ஏறி, வைஃபை, திரை, டச்பேட் என்று ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டு, அதை வேலை செய்யவைக்கும் சிறு மென்பொருளான டிரைவரை இயக்குகிறது. பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலோடே வருவதால் சிடி தேடி அலைய வேண்டியதில்லை. மற்ற மென்பொருள்களெல்லாம் பென் டிரைவில் சுருக்கப்பட்ட ஒரே கோப்பாக இருக்கும், தேவைப்படும் பகுதி மட்டும் அவ்வப்போது விரிக்கப்படும். நீங்கள் செய்கிற மாற்றங்கள் ரேமிலேயே தங்கி, கணினியை அணைத்ததும் போய்விடும். ஹார்டு டிஸ்க்கை நீங்களாகத் திறந்து கை வைக்காதவரை அது அப்படியே இருக்கும். பென் டிரைவிலிருந்து ஓடும்போது கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும், அதை வைத்து எடை போடாதீர்கள்.

அப்புறம் பாதுகாப்பு. இங்கே மென்பொருள்கள் பெரும்பாலும் மின்ட் பயன்படுத்தும் இணையக் களஞ்சியத்திலிருந்து, டிஜிட்டல் கையொப்பம் சரிபார்க்கப்பட்ட பிறகே இறங்குகின்றன. கண்ட தளத்தில் செட்அப் கோப்பு தேட வேண்டாம். ஃபயர்பாக்ஸும் லிப்ரே ஆபீஸும் கூடவே வருகின்றன, தமிழ்99 விசைப்பலகையை அமைப்புகளில் சேர்த்துக்கொண்டால் போதும்.

டாலியும் போட்டோஷாப்பும்தான் உங்கள் பிழைப்பு என்றால் மாறாதீர்கள், அவை லினக்ஸில் நேரடியாக ஓடாது. பிரவுசர், கடிதம், யூடியூப், பிள்ளைகளின் பாடம் என்று இருப்பவர்கள் தாராளமாக மாறலாம். வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றையும் பென் டிரைவிலிருந்தே சோதித்துவிட்டு, படங்களையும் ஆவணங்களையும் வேறு டிஸ்க்கில் பேக்கப் எடுத்த பிறகு நிறுவுங்கள்.