செல்வாக்கா, தாக்கமா?

'அமெரிக்க வரலாற்றின் மிகவும் செல்வாக்கு மிக்க ஆளுமைகள்.' இந்த மாதத்தில் மட்டும் மூன்று முறை இந்தத் தொடர் கண்ணில் பட்டுவிட்டது. மூன்றாவது முறை, லிங்கன், எடிசன் வரிசையில் 'எலி விட்னி' என்றொருவரும் இருந்தார். ஈலை என்று உச்சரிக்க வேண்டிய பெயரை எலியாக்கிவிட்டார்கள். அதைக்கூட விட்டுவிடலாம். 'மிகவும்', 'மிக்க' இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, ஒன்று போதும் என்பதையும் விட்டுவிடலாம். 'செல்வாக்கு' என்ற சொல்லைத்தான் விட முடியவில்லை.

ஆங்கில மூலச்சொல் இன்ஃப்ளுயன்ஸ். லத்தீனில் 'உள்ளே பாய்தல்'. விண்மீன்களிலிருந்து ஏதோ ஒன்று மனிதருக்குள் பாய்ந்து அவர்கள் விதியை மாற்றுகிறது என்று அந்தக் கால ஐரோப்பியச் சோதிடர்கள் நம்பினார்கள். இன்ஃப்ளுயன்சா காய்ச்சலுக்கும் இதே வேர்தான், இத்தாலி வழியாக வந்தது.

சரி, செல்வாக்கு? செல் + வாக்கு. 'இந்த நோட்டு செல்லுமா?' என்று கடையில் கேட்கிறோமே, அந்தச் செல். யாருடைய பேச்சு எடுபடுகிறதோ அவருக்குச் செல்வாக்கு. அருமையான சொல், அதன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. 1907இல் நியூயார்க் நிதி நிறுவனங்கள் ஆட்டம் கண்டபோது, பெரும் வங்கியாளர் ஜே.பி. மோர்கன் அவற்றின் தலைவர்களைத் தன் நூலகத்துக்கு அழைத்துக் கதவைப் பூட்டிவிட்டார். இரண்டரைக் கோடி டாலர் கடனுக்குக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் திறந்தார். அது செல்வாக்கு.

விட்னிக்கு அது எங்கே இருந்தது? பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் 'ஜின்' என்ற இயந்திரத்துக்கு 1794இல் காப்புரிமை வாங்கினார். கம்பிப் பற்கள் பஞ்சை இடுக்கு வழியாக இழுத்துக்கொள்ளும், கொட்டை இந்தப் பக்கமே நின்றுவிடும். அவ்வளவு எளிய அமைப்பு என்பதால் பருத்தித் தோட்ட முதலாளிகள் ஆளாளுக்குத் தாங்களே செய்துகொண்டார்கள். அவர் வழக்குமேல் வழக்காகப் போட்டு அலைந்தார். 1812இல் காப்புரிமையை நீட்டிக்கக் கேட்டதற்கு நாடாளுமன்றமும் மறுத்துவிட்டது. இந்த மனிதரின் வாக்கு எங்கேயும் செல்லவில்லை. ஆனால் அவருடைய இயந்திரம் வந்த பிறகு அமெரிக்காவின் தெற்கே பருத்தி பெருகியது, அதோடு அடிமை முறையும் வேரூன்றியது. 1790இல் ஏறத்தாழ 7 லட்சமாக இருந்த அடிமைகள் 1860இல் 39 லட்சத்தைத் தாண்டினார்கள். இது தாக்கம்.

தாக்கம் என்றால் அடிதடி மாதிரி இருக்கிறதே என்று தூய தமிழ் நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். 'வெயிலின் தாக்கம்' என்று நாம் சொல்லும்போது வெயில் கம்பெடுத்தா வருகிறது? அப்புறம் 'ஆதிக்கம் செலுத்தியவர்' என்றொரு கோஷ்டி. ஆதிக்கத்துக்கு அடக்கி ஆள்வது என்று பொருள், மார்ட்டின் லூதர் கிங்கைப் பற்றி அப்படி எழுத எப்படி மனம் வருகிறதோ! சினிமாப் பேட்டிகளில் வரும் 'என்னைப் பாதித்தவர்' இதைவிட மோசம். 'லிங்கனால் பாதிக்கப்பட்டவர்கள்' என்றால் எனக்குத் தெற்கத்திய அடிமை முதலாளிகள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

சொல் பிசகினால் விவாதமே வேறு பக்கம் போய்விடுகிறது. 2006இல் அமெரிக்க இதழ் ஒன்று பத்து வரலாற்றாசிரியர்களைக் கொண்டு இப்படி நூறு பேரைத் தேர்ந்தெடுத்தது. லிங்கன் முதலிடம், வாஷிங்டன், ஜெஃபர்சன் அடுத்து. அதே கேள்வியைத் தமிழில் 'செல்வாக்கு' என்று கேட்டுப் பாருங்கள். அதிபர்களும் பணக்காரர்களும் மட்டுமே மனதில் வருவார்கள். ட்ரெட் ஸ்காட்டை யாரும் சொல்ல மாட்டார்கள். அவர் ஓர் அடிமை. விடுதலை கேட்டு வழக்காடி 1857இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். கறுப்பினத்தவர் குடிமக்களே அல்ல என்ற அந்தத் தீர்ப்பு நாட்டை உள்நாட்டுப் போரை நோக்கித் தள்ளியது. அதே ஆண்டு பழைய முதலாளி குடும்பத்தார் அவரை விடுவிக்க, செயின்ட் லூயிஸில் ஒரு ஹோட்டலில் சுமைதூக்கி, மறு ஆண்டே இறந்தார். அவரிடம் போய்ச் செல்வாக்கைத் தேடுவதா?

ஒரே ஓர் இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். இன்ஸ்டாகிராமில் இன்ஃப்ளுயன்சர் என்று ஒரு கூட்டம் இருக்கிறதே, அவர்களைச் 'செல்வாக்காளர்' என்று தாராளமாக எழுதுங்கள். அவர்கள் சொன்னால் ஷாம்பு விற்கிறது. வாக்கு செல்கிறது.