சொட்டு கீழே, கசிவு மேலே: ஆயில் கூலர் ஹவுசிங்கை வீட்டில் மாற்ற நினைப்பவர்களுக்கு

கார் நின்ற இடத்தில் தரையில் எண்ணெய்ச் சொட்டு. குனிந்து பார்த்தால் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடம் ஈரமாக இருக்கிறது. உடனே வரும் தீர்ப்பு: "பின்பக்க கிராங்க் சீல் போயிருச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்." (கிராங்க் தண்டின் முனையில் எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் வளையம்தான் கிராங்க் சீல்.) என்னிடம் வந்த ஒரு காருக்கு இந்தத் தீர்ப்பு ஏற்கெனவே நிறைவேற்றப்பட்டிருந்தது. வேறோர் இடத்தில் கியர்பாக்ஸை இறக்கி, சீலை மாற்றி, முழுக் கூலியும் வாங்கியிருந்தார்கள். ஒரே வாரத்தில் அதே இடத்தில் மறுபடியும் சொட்டு. நான் இன்ஜின் மேல்மூடியை எடுத்துவிட்டு, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிபோல்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் கறுப்பு எண்ணெய் குளம் கட்டி நின்றது. குளத்துக்கு நடுவே ஆயில் கூலர் ஹவுசிங். அங்கே நிரம்பிய எண்ணெய் இன்ஜினின் பின்பக்கமாக வழிந்து, கியர்பாக்ஸ் முகப்பில் இறங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. பழைய சீலில் ஒரு குறையும் இருந்திருக்காது.

அந்தக் காரின் உரிமையாளர் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இந்தப் பாகத்தை வீட்டிலேயே மாற்ற முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். பொறுமை உள்ளவரால் முடியும். ஆனால் ஹவுசிங்கைக் கழற்றி மாட்டுவது இந்த வேலையில் சுலபமான பகுதி. கசிவு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதும், திறந்து வைத்த இன்ஜினுக்குள் அழுக்கோ கூலண்டோ (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) இறங்காமல் காப்பதும்தான் கடினம். இன்ஜின் பிழைப்பதும் போவதும் அந்த இரண்டில்தான் இருக்கிறது.

முதலில் இந்தப் பாகம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஆயில் ஃபில்டரும் ஆயில் கூலரும் ஒரே கூட்டில் அமைந்ததைத்தான் ஹவுசிங் என்கிறோம். அதற்குள் எண்ணெய் ஒரு வழியிலும் கூலண்ட் ஒரு வழியிலும் ஓடுகின்றன. இரண்டுக்கும் நடுவே மெல்லிய உலோகத் தகடுகளும் ரப்பர் சீல்களும் மட்டுமே. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கூலண்ட் சீக்கிரம் சூடேறி எண்ணெயையும் சூடேற்றும். ஓட ஓட, எண்ணெயின் வெப்பத்தைக் கூலண்ட் வாங்கிக்கொண்டு போய் ரேடியேட்டரில் விடும்.

இது எங்கே இருக்கும் என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். கிரைஸ்லரின் 3.6 லிட்டர் பென்டாஸ்டார் வி6 இன்ஜினில் மேனிபோல்டுக்கு அடியில், நடுப்பள்ளத்தில், பிளாஸ்டிக் ஹவுசிங்காக இருக்கும். மெர்சிடிஸின் ஓஎம்642 டீசல் வி6-ல் கூலர் இன்னும் ஆழத்தில், டர்போவுக்கு அடியில் கிடக்கும். பிஎம்டபிள்யூவின் என்52, என்54 போன்ற வரிசை ஆறு சிலிண்டர் இன்ஜின்களில் முன்பக்கம் பக்கவாட்டில், பெல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். அங்கே கேஸ்கெட் (இரண்டு பாகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் அடைப்பு) கசிந்தால் எண்ணெய் பெல்ட்டின் மேல் விழும். எண்ணெய் பட்ட பெல்ட் வழுக்கி, கிழிந்து, கிராங்க் புல்லிக்குப் பின்னால் சிக்கி, முன்பக்க சீலைத் தள்ளிக்கொண்டு இன்ஜினுக்குள்ளேயே போய்விடுவதும் உண்டு. ஆகவே முன்பக்க ஹவுசிங் கசிகிறது என்றால் "சொட்டுதானே, அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள்.

பிளாஸ்டிக் ஏன் தோற்கிறது? தினமும் சூடாகிறது, ஆறுகிறது. காற்றோட்டமே இல்லாத பள்ளத்தில் பல வருடம் இப்படி வெந்தால் பிளாஸ்டிக் நெளியும், நுண்ணிய வெடிப்பு விடும். சீல் ரப்பர் இறுகி, தட்டையாகி, துள்ளல் இழந்துவிடும். இவற்றோடு நம் கை செய்யும் தப்பு ஒன்று சேரும். ஃபில்டர் மூடியை நீளமான கைப்பிடி போட்டு முறுக்குவது. அந்த முறுக்கு மூடியோடு நிற்காது, ஹவுசிங்கின் உடலுக்குப் போகும். பல வண்டிகளில் மூடியின் மேலேயே 25 நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருக்கும். அந்த எண்ணை டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) வைத்து மதித்தாலே ஹவுசிங்கின் ஆயுள் கூடும்.

கசிவு வெளியே வந்தால் தொல்லை. உள்ளுக்குள் கலந்தால் ஆபத்து. இன்ஜின் ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் பொதுவாக 2 பார் முதல் 5 பார் வரை இருக்கும். கூலண்டின் அழுத்தம் ஏறக்குறைய 1 பார், சில வண்டிகளில் 1.5 பார். ஆகவே உள்சீல் போனால் வண்டி ஓடும்வரை எண்ணெய் கூலண்டுக்குள் தள்ளப்படும். நிறுத்தியதும் கதை தலைகீழாகும். எண்ணெய் அழுத்தம் உடனே பூஜ்யம். கூலண்டோ சூட்டில் இன்னும் அழுத்தத்தோடு இருக்கும், ஆகவே அது எண்ணெய்ப் பக்கம் இறங்கும். கூலண்ட் டப்பாவில் மோர் நிறத்தில் கொழகொழப்பாக எதையாவது பார்த்தால் வண்டியை ஓட்டாதீர்கள். கூலண்ட் கலந்த எண்ணெய் பேரிங்குகளை அறுத்துவிடும். ஆனால் எண்ணெய் மூடியின் அடியில் மட்டும் லேசான வெண்ணிறப் படலம் இருந்தால் பயப்பட வேண்டாம். தினமும் கொஞ்ச தூரமே ஓடும் வண்டியில் ஈரப்பதம் அப்படிப் படியும். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் வந்தால்தான் கவலைப்பட வேண்டும். இந்த அறிகுறிகளைப் பார்த்ததும் "ஹெட் கேஸ்கெட் போச்சு" (சிலிண்டர்களின் மேல் உட்காரும் ஹெட்டுக்கு அடியில் உள்ள கேஸ்கெட்) என்று முடிவு கட்டுபவர்களும் இருக்கிறார்கள். கூலரைச் சோதிக்காமல் ஹெட்டைக் கழற்ற யாருக்கும் சம்மதம் கொடுக்காதீர்கள்.

சரி, கசிவு எங்கிருந்து என்று எப்படி உறுதி செய்வது? எண்ணெய் கீழே ஓடும், காற்றில் பின்னே ஓடும். ஆகவே ஈரத்தின் உச்சியைத் தேடுங்கள். இன்ஜினைத் துடைத்துச் சுத்தம் செய்து, காய விட்டு, அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து டார்ச்சும் சிறு கண்ணாடியும் வைத்துப் பாருங்கள். எண்ணெயில் கலக்கும் ஒளிரும் சாயம் கிடைக்கும். அதை ஊற்றி, இரண்டு மூன்று நாள் ஓட்டி, புற ஊதா டார்ச் அடித்தால் பாதை பளிச்சென்று தெரியும். கூலண்ட் பக்கத்துக்கு அழுத்தச் சோதனைப் பம்ப் உண்டு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அதை மாட்டி, ரேடியேட்டர் மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு அழுத்தி, கால் மணி நேரம் முள்ளைக் கவனியுங்கள். முள் இறங்குகிறது, வெளியே எங்கும் ஈரம் இல்லை என்றால் உள்ளே போகிறது என்று பொருள். வி வடிவ இன்ஜினாக இருந்தால் மேனிபோல்டுக்கு அடியில் நுழையும் மெல்லிய குழாய்க் கேமரா ஒன்றை இரவல் வாங்கியாவது பள்ளத்தைப் பார்த்துவிடுங்கள். இந்த ஒரு நாளைச் செலவழிக்க மனம் இல்லாதவர் ஸ்பேனரையே எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

எதை வீட்டில் செய்யலாம், எதைத் தொடக் கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். மேனிபோல்டைக் கழற்ற எரிபொருள் குழாயைத் திறக்க வேண்டுமா என்று முதலில் பாருங்கள். இன்டேக் பாதையில் தெளிக்கும் சாதாரண பெட்ரோல் இன்ஜெக்ஷனில் அழுத்தம் 3, 4 பார்தான். எரிபொருள் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கி, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓட விட்டால் அழுத்தம் இறங்கிவிடும். சிலிண்டருக்குள் நேரடியாகத் தெளிக்கும் பெட்ரோல் இன்ஜின்களிலும், 1,500 பாரையும் தாண்டும் காமன் ரெயில் டீசல்களிலும் அந்த உயர் அழுத்தக் குழாயில் கை வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் பீறிடும் எரிபொருள் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். டர்போவை இறக்கித்தான் கூலரை எட்ட முடியும் என்றாலும் வீட்டில் வேண்டாம்.

வேலை நாளில் இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். முந்தின இரவே நிறுத்தி வைப்பது நல்லது. 1 பார் கூடுதல் அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கி நிற்கும். சூட்டில் மூடியைத் திறந்தால் அதில் ஒரு பகுதி ஒரே நொடியில் ஆவியாகி, கொதிநீரோடு முகத்தில் அடிக்கும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். இன்னொன்று: பெரும்பாலான கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், கொஞ்சம் போனாலும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். குழந்தைகளும் நாய் பூனைகளும் உள்ள வீட்டில் வடித்த கூலண்டைத் திறந்த பாத்திரத்தில் ஒரு நிமிடம்கூட விடாதீர்கள்.

கூலண்டை வடித்துவிட்டு, காற்றுக் குழாய், ஒயர் கனெக்டர்கள், மேனிபோல்டு என்று மேலிருந்து கழற்றி வருவீர்கள். இதற்கு உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் போதும். ஒவ்வொரு படியிலும் போனில் படம் எடுங்கள், போல்டுகளை இடம் எழுதிய பைகளில் போடுங்கள். மேனிபோல்டைத் தூக்கும் முன் அதைச் சுற்றியுள்ள மணலையும் தூசியையும் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். தூக்கிய மறுகணமே இன்டேக் துளைகளை அடையுங்கள். சிறு துண்டுகளால் வேண்டாம். பெரிய துணிகள், பாதி வெளியே தொங்க வேண்டும், எண்ணிக்கையை எழுதி வைக்க வேண்டும். துளைக்குள் மறந்துபோன ஒரு துணியால் அடிபட்ட இன்ஜினை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன்.

இப்போது பள்ளம். குளமாக நிற்கும் எண்ணெயையும் கூலண்டையும் ஹவுசிங்கைத் தூக்கும் முன்பே கடைசிச் சொட்டு வரை உறிஞ்சி எடுங்கள். பெரிய ஊசிக் குழல் அல்லது கை பம்ப் போதும். பிறகு துடையுங்கள், மறுபடி துடையுங்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஹவுசிங்குக்கு அடியில் இருக்கும் எண்ணெய்த் துளைகள் வானத்தைப் பார்த்தபடி இருக்கும். ஹவுசிங்கைத் தூக்கிய நொடியில் பள்ளத்தில் உள்ள அழுக்கெல்லாம் அவற்றில் இறங்கத் தயாராக நிற்கும். அந்தத் துளைகள் நேராக பேரிங்குகளுக்குப் போகின்றன. எவ்வளவு வடித்தாலும் ஹவுசிங்குக்குள் மிச்சமிருக்கும் கூலண்ட் கொஞ்சம் சிந்தவே செய்யும். ஆகவே போல்டுகளைத் தளர்த்தியதும் சுற்றிலும் துணியால் அணைகட்டி, ஹவுசிங்கைச் சாய்க்காமல் தூக்கி, துளைகளை உடனே மூடுங்கள். எவ்வளவு கவனமாக இருந்தாலும் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றாமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். எண்ணெய் மாற்றுவதைத் தொடக்கத்தில் செய்துவிட்டால் பயனில்லை. ஹவுசிங் ஏறிய பிறகுதான் பழையதை வடிக்க வேண்டும். சிந்தியது ஏதாவது கீழே சம்ப்பில் (இன்ஜினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) இறங்கியிருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

பரப்பைச் சுத்தம் செய்வதில் ஒரு கொடிய தவறு நடக்கிறது. பழைய கேஸ்கெட் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று டிரில்லில் தேய்ப்பு டிஸ்க்கை மாட்டிச் சுழற்றுகிறார்கள். பரப்பு கண்ணாடி மாதிரி பளபளக்கும். ஆனால் டிஸ்க்கிலிருந்து உதிரும் துகள் அலுமினியம் ஆக்சைடு, உப்புத்தாளில் இருக்கும் அதே பொருள். மயிரிழையை விட மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் மிதந்து சுழலும் பேரிங்குக்கு நடுவில் அது போனால் என்ன ஆகும்? ஆசையாகத் தன் காரைத் தானே செய்த ஓர் இளைஞர், சில வாரம் கழித்து "டக் டக்" சத்தத்தோடு என்னிடம் வந்தார். பேரிங்குகளில் கோடு கோடாகக் கீறல். கசிவு நின்றிருந்தது, இன்ஜின் போயிருந்தது. பிளாஸ்டிக் சுரண்டி, கேஸ்கெட் கரைப்பான், துணி. இவ்வளவுதான் வேண்டும். நேரம் ஆகட்டும்.

புதிய ஹவுசிங்கில் பிளாஸ்டிக்கா, அலுமினியமா? அலுமினியம் கிடைத்தால் நான் அதையே போடுவேன், நெளியாது. ஆனால் சீல்கள் அதிலும் ரப்பர்தான், ஆகவே சாகாவரம் என்று நினைக்க வேண்டாம். மலிவான வார்ப்பில் பரப்பு சமமாக இருக்கிறதா, துளைகளுக்குள் வெட்டுத்தூள் இருக்கிறதா என்று பாருங்கள். சீல்களையும் மேனிபோல்டு கேஸ்கெட்டுகளையும் கட்டாயம் புதிதாகப் போடுங்கள். எண்ணெய்ப் பக்க ஓ-ரிங்கில் (வட்ட ரப்பர் சீல்) புது எண்ணெய் தடவுங்கள், கூலண்ட் பக்கத்தில் கூலண்டையே தடவுங்கள். கூலண்ட் சீல்கள் பெரும்பாலும் இபிடிஎம் ரப்பர். எண்ணெயோ கிரீஸோ பட்டால் உப்பிக் கெட்டுப்போகும். போல்டுகளைக் கையால் முழுக்க ஏற்றிவிட்டு, மேனுவல் சொல்லும் வரிசையில், இரண்டு தடவையாக டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். இந்தச் சிறு போல்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் இருக்கும், சரியான எண் மேனுவலில். அலுமினியத்தில் மரை போனால் வேலை இரண்டு மடங்காகும்.

கூலண்டின் நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், நிறத்துக்கும் வகைக்கும் உறுதியான தொடர்பு இல்லை. மேனுவல் சொல்லும் வகையைக் காய்ச்சி வடித்த நீரோடு கலந்து ஊற்றுங்கள். எரிபொருள் பம்பின் ஃபியூஸ் இன்னும் வெளியிலேயே இருக்கட்டும். ஸ்டார்ட்டரால் இன்ஜினைச் சில நொடிகள் வெறுமனே சுற்றி, எண்ணெய் அழுத்த விளக்கு அணைந்த பிறகு ஃபியூஸைப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். வெப்ப முள் ஏறுகிறது, ஹீட்டரில் குளிர்ந்த காற்றே வருகிறது என்றால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. உடனே நிறுத்தி, ஆற விட்டு, காற்றை வெளியேற்றுங்கள்.

எண்ணெயும் கூலண்டும் முன்பே கலந்துவிட்ட வண்டி என்றால் வேலை இன்னும் நீளும். கூலண்ட் பாதையை அதற்கென்று உள்ள கழுவு திரவத்தால், தெளிந்த நீர் வரும் வரை பல முறை கழுவ வேண்டும். எண்ணெய் ஊறி உப்பிய ஹோஸ்களை மாற்ற வேண்டும். எண்ணெயைப் புதிதாக ஊற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி, மறுபடி ஃபில்டரோடு மாற்ற வேண்டும். இரண்டாவது எண்ணெயைச் செலவாகப் பார்க்காதீர்கள். பழைய எண்ணெயையும் கூலண்டையும் தனித்தனிக் கேன்களில் அடைத்து, சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். ஒன்றாகக் கலந்துவிட்டால் இரண்டையும் மறுசுழற்சிக்கு எடுக்க மாட்டார்கள்.

மறுநாள் காலை, இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன், இரண்டு அளவுகளையும் பாருங்கள். கூலண்ட் கொஞ்சம் இறங்கியிருந்தால் ஒரு முறை நிரப்பலாம். மூன்றாம் நாளும் இறங்கினால் மறுபடி அழுத்தச் சோதனை. இரண்டு வாரம் ஓட்டிய பிறகு அதே கேமராவைப் பள்ளத்தில் விட்டுப் பாருங்கள். அங்கே தூசி மட்டும்தான் இருக்க வேண்டும்.