*மின்திஸ்: எழுத்தில் இல்லாத சொல்லை மீட்பது எப்படி?

பால்டிக் மொழிகளுக்கும் ஸ்லாவிய மொழிகளுக்கும் பொதுவான மூலமொழியில் ஒரு வரிகூட எழுத்தில் இல்லை. ஆனாலும் அதில் ‘எண்ணம்’ என்பதற்கு *மின்திஸ் என்ற சொல் இருந்ததாக மொழியியலாளர்கள் சொல்கிறார்கள். (‘தி’யை ‘பத்தி’யில் ஒலிப்பதுபோல் வல்லோசையாகப் படிக்கவும்.) முன்னால் நிற்கும் உடுக்குறி (*), இது ஏட்டில் கிடைத்த சொல்லல்ல, கணித்துப் பெற்றது என்பதற்கு அடையாளம்.

கையிலுள்ள சான்றுகள் இவை: பால்டிக் மொழியான லித்துவேனியத்தில் மின்திஸ் (எண்ணம்), ஸ்லாவிய மொழிகளான போலிஷில் பாமியெஞ்ச் (நினைவு), ரஷ்யத்தில் பாம்யத் (நினைவு), தூரத்து உறவான சமஸ்கிருதத்தில் மதி. லத்தீனில் மனத்தைக் குறிக்கும் சொல்லின் பகுதி மென்த்-. பழைய ஜெர்மானிய மொழியான கோதிக்கில் கமுன்த்ஸ் (நினைவு).

மகரமும் தகரமும் எல்லாவற்றிலும் ஏறக்குறைய அப்படியே நிற்கின்றன. சிக்கல் நடுவில்தான்: ஓரிடத்தில் ‘இன்’, ஓரிடத்தில் ‘என்’, ஓரிடத்தில் ‘உன்’, சமஸ்கிருதத்தில் வெறும் ‘அ’. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான, இன்னும் பழைய இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் இந்த இடத்தில் உயிரே இல்லாமல், ‘ன்’ தானே அசையைத் தாங்கியது என்று கொண்டால் நான்கும் ஒழுங்காக விளங்குகின்றன. ‘எண்ணு’ என்ற பொருள்தரும் *மென் வேர் உயிரை இழந்து ‘ம்ன்’ ஆகி, செயலைப் பெயராக்கும் -தி விகுதியை ஏற்றிருக்கிறது. அந்த ‘ன்’ பால்டிக்-ஸ்லாவிய மூலமொழியில் ‘இன்’ ஆனதால் *மின்திஸ் கிடைக்கிறது.

ஒரு சொல்லை மட்டும் நம்பி விதி எழுத முடியாது. ‘நூறு’ என்ற சொல்லில் சோதிக்கலாம்: லித்துவேனியத்தில் ஷிம்தாஸ், லத்தீனில் கென்தும், கோதிக்கில் ஹுந்த், சமஸ்கிருதத்தில் சதம். அங்கே அசையைத் தாங்கியது ‘ம்’. மற்றபடி அதே வரிசை. ஆனால் ஸ்லாவிய ‘நூறு’ இதில் அடங்காது. ரஷ்யத்தில் அது ஸ்தோ, மூக்கொலியே இல்லை. அந்த விலக்கிலிருந்து தொடங்குபவர் வழிதவறுவார். ஸ்லாவியத்தைச் சோதிக்க ‘பத்து’ என்ற சொல்லே ஏற்றது.

ஸ்லாவியக் கிளையில் ஈற்று ‘ஸ்’ உதிர்ந்தது. ‘இன்’ மூக்கொலி உயிராகிச் சுருங்கியது. போலிஷில் அந்த மூக்கொலி இன்றும் கேட்கிறது, ரஷ்யத்தில் ‘ய’ ஆகிவிட்டது. ஈற்று இகரமும் மறைந்து, முன்னிருந்த மெய்யை மென்மையாக்கிவிட்டுப் போனது.

மூலப் பொருள் எண்ணமா, நினைவா? ஸ்லாவியச் சொல்லில் ‘பா’ என்ற முன்னொட்டு இருக்கிறது. லித்துவேனியத்திலும் ‘அத்’ சேர்த்து அத்மின்திஸ் என்றால்தான் நினைவு. எனவே ஒட்டில்லாத சொல்லுக்கு எண்ணம் என்பதே பொருத்தம்.

ரஷ்யத்தில் எண்ணத்தைக் குறிக்கும் மிஸ்ல் இந்தக் குடும்பத்தில் சேராது. அதன் உயிர் நெட்டூகாரத்திலிருந்து வந்தது. *மென் வேரிலிருந்து அதைப் பெற எந்த ஒலிவிதியும் இல்லை. தமிழில் அறிவைக் குறிக்கும் ‘மதி’யையும் சான்றாக வைக்கக் கூடாது: அது சமஸ்கிருதத்திலிருந்து கடன் வந்தது.