மேசன் எத்தனை தடவை குனிகிறார்?

போன மாதம் பரந்தன் பக்கம் ஒரு வீட்டு வேலை பார்க்கப் போனேன். சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தது. சீமெந்துக் கல் கிடந்தது வேலியோரம், மணல் ஒழுங்கை முகப்பில், தண்ணீர் கிணற்றடியில். "மேசன் சரியான சுணக்கம், சேர்" என்றார் வீட்டுக்காரர். அரை மணித்தியாலம் நின்று பார்த்தேன். மேசன் சுணக்கமில்லை, பாதி நேரம் கல்லுக்காகக் காத்து நின்றார். கையாள்தான் ஓயாமல் நடந்துகொண்டிருந்தார்.

வன்னியில் இது புதிதல்ல. போருக்குப் பிறகு வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் வீட்டுக்கு 550,000 ரூபாயைத் தவணையாகக் கொடுத்து, பெரும்பாலும் சொந்தக்காரரையே கட்டவிட்டார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் சாமானை எங்கே இறக்குவது என்பதை லொறிச் சாரதிதான் தீர்மானித்தார்!

பிராங்க் கில்பிரெத் என்ற அமெரிக்கர் 1885இல் செங்கல் கட்டும் வேலைக்குச் சேர்ந்தவர். ஒரு கல் வைக்க மேசன் செய்யும் 18 அசைவுகளை 5 ஆக்கிக் காட்டினார். மணிக்கு 120 கல் வைத்த இடத்தில் 350 வைக்க முடிந்தது. இதற்குப் பெரிய இயந்திரம் ஒன்றும் தேவைப்படவில்லை. கல்லையும் சாந்தையும் மேசன் குனியாமல் எடுக்கிற உயரத்தில் வைத்தது அதில் முக்கியமானது. எங்கள் சீமெந்துக் கல் பெரியது, அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் குனிகிற முதுகு ஒன்றுதானே.

அந்தப் பரந்தன் வீட்டில் நாங்கள் செய்தது இவ்வளவுதான்: கல்லை அறைகளுக்குள்ளே, சுவரிலிருந்து இரண்டடி தள்ளி அடுக்கினோம். இரண்டு வெறும் பரல் (பீப்பாய்), மேலே ஒரு பலகை, அதன்மேல் சாந்துத் தாச்சி. கட்டுகிற சுவர் உயர, பலகையையும் உயர்த்தினோம். மேசன் முதலில் சிரித்தார். மத்தியானம் பலகையை அவரே நகர்த்திக்கொண்டிருந்தார்.

சாந்து இன்னொரு தலையிடி. உலர்ந்த, சூடான கச்சான் காற்று வீசும்போது காலையிலேயே மூன்று பை சீமெந்தைக் குழைத்து வைத்தால், பத்து மணிக்கு இறுகத் தொடங்கும். உடனே ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக் கிளறுவார்கள். சாந்து இளகும், பலம் போய்விடும். சுவரில் பூச்சு உதிரும்போது சீமெந்துக் கொம்பனியைத் திட்டுவோம். அரைப் பை அரைப் பையாகக் குழைத்தால் கையாளுக்குக் கொஞ்சம் அலைச்சல் கூடும். கல் கிட்டவே இருப்பதால் அதற்கு அவருக்கு நேரம் இருக்கிறது.

அடுத்த லோட் கல் வந்தபோது வீட்டுக்காரர் லொறிக்கு முன்னால் போய் நின்று, எங்கே இறக்குவதென்று தடியால் கோடு கீறிக்கொண்டிருந்தார். சாரதிக்குத்தான் முகம் சரியில்லை.